1042 என்றால் எந்த ஊர் 1042?

கடலூர் மஞ்சக்குப்பம் லேபில் 1042 என்றால் ஓர் அம்மா. தைராய்டு பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். புதுச்சேரி லேபில் 1042 என்றால் முத்தியால்பேட்டைப் பெரியவர் ஒருவர். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் பார்ப்பவர். இரண்டு 1042-ம் பல வருஷமாக அவரவர் ஊரில் நிம்மதியாக இருந்தன. அப்புறம் கடலூர் லேபின் முதலாளி புதுச்சேரி லேபையும் வாங்கினார். “ரெண்டு ஊருக்கும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே லிஸ்ட். ஒரு வாரத்துல முடிச்சிடலாம்ல?” என்று கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதம் எங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். லேபின் பெயர் வேண்டாம். நோயாளிகளின் பெயர்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். சிக்கல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

எண்கள் ஏன் மோதுகின்றன? டேட்டாபேஸில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். பிரைமரி கீ என்பார்கள். பெரும்பாலான சின்ன சாஃப்ட்வேர்களில் அது தானாகவே ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும். முதல் ஆள் 1, அடுத்தவர் 2. கடலூரில் கடை திறந்த அன்று 1-இல்தான் தொடங்கினார்கள், புதுச்சேரியிலும் 1-இல்தான். ஆகவே இது தற்செயலான மோதல் இல்லை. சின்ன லேபில் இருக்கிற அநேகமாக எல்லா எண்ணும் பெரிய லேபில் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருக்கும்.

அந்த எண் தரும் உறுதி மிகச் சின்னது. ‘இந்த அட்டவணைக்குள் இந்த எண் ஒருவருக்குத்தான்’, அவ்வளவே. பக்கத்து ஊர் அட்டவணையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தரைவழி போன் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதில்லை. புதுச்சேரிக்கு 0413, அதற்குப் பின் ஏழு இலக்கம். கடலூருக்கு 04142, அதற்குப் பின் ஆறு இலக்கம். ஊருக்குள் பேசும்போது யாரும் இந்த எஸ்.டி.டி. கோடு போட மாட்டார்கள். கன்னியக்கோவில் தாண்டிப் பேசும்போதுதான் அது தேவைப்படும். வண்டிக்கும் அப்படித்தான். டி.என்.-31 வண்டி ஒன்றும் பி.ஒய்.-01 வண்டி ஒன்றும் மீதி எழுத்தும் எண்ணும் ஒன்றாகவே இருந்தாலும் கடலூர் ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகலாம். எந்த போலீஸ்காரரும் நிறுத்த மாட்டார்.

லேப் எண்ணுக்கும் இப்படி ஒரு கோடு ஆரம்பம் முதலே இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். மஞ்சக்குப்பம் கம்ப்யூட்டருக்குள் இருந்ததாலேயே அது கடலூர் 1042. அங்கிருந்து கிளப்பி வேறு கம்ப்யூட்டரில் வைத்தவுடன், சொல்லாமல் இருந்த பாதி தொலைந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நான் பிரிக்காமல் தொடங்கியதால்தான் முதல் மூன்று வாரம் வீணானது. ஒரே எண்ணில் இரண்டு ஆள் இருப்பது ஒரு சிக்கல். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பது வேறு சிக்கல். முதலாவது கூட்டல் கழித்தல் கணக்கு, இரண்டாவது விசாரணை. கடலூரிலும் ரத்தம் கொடுத்து, ஜிப்மருக்கு வந்துபோகும் சாக்கில் புதுச்சேரி லேபிலும் கொடுத்த ஆட்கள் நிறையப் பேர் உண்டு. எண்களைச் சரிசெய்யும்போதே இவர்களையும் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது தப்பு. ஒரே இரவில் இரண்டையும் செய்தால், காலையில் ஒரு ரிப்போர்ட் தவறாக வந்தால், எண் மாற்றியதில் தப்பா, ஆளைச் சேர்த்ததில் தப்பா என்றே தெரியாது. முதலில் ஒருவரையும் ஒருவரோடும் சேர்க்காமல் இரண்டு லேப் ஆட்களையும் ஒரே பந்தியில் பக்கம் பக்கமாக உட்காரவைக்க வேண்டும். உறவு விசாரிப்பது அப்புறம்.

சரி, கணக்கிலிருந்து தொடங்குவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு பக்கத்து எண்களோடு பெரிய எண் ஒன்றைக் கூட்டிவிடுவது. புதுச்சேரி 1042 இனி 101042. ஏதோ ஒப்பேற்றுகிற வழி என்று நினைக்க வேண்டாம், வங்கியே செய்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. எஸ்.ஒய்.என்.பி. என்று தொடங்கும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. புதிய கோட்டில் முன்னெழுத்து சி.என்.ஆர்.பி. ஆனது, பின்னால் இருக்கும் கிளை எண்ணோடு 10,000 கூடியது. பழைய 3687 புதிய 13687. வாடிக்கையாளர் யாரையும் கேட்காமல் மனக்கணக்காகவே போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. கூட்டுகிற எண், இரண்டு பக்கத்துக் கடைசி எண்களையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். 500 போதும் என்று கூட்டப் போனால், 1 என்பதை 501 ஆக்கும்போதே அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். டேட்டாபேஸ் பாதி வழியில் நின்றுவிடும். நிற்காமல் போனால் இன்னும் மோசம். நாங்கள் ஒரு லட்சம் கூட்டினோம். இடம் போதுமா என்ற கவலை இல்லை. சாதாரண 32 பிட் முழு எண்ணில் 214,74,83,647 வரை எழுதலாம்.

கஷ்டம் கூட்டலில் இல்லை, எங்கெல்லாம் கூட்ட வேண்டும் என்பதில் இருக்கிறது. நோயாளிப் பட்டியலில் 1042 ஒரே ஒரு தடவைதான் வரும். ஆனால் பில்லில், ரத்தக் குழாய்ப் பதிவில், ரிசல்ட்டில், பாக்கிக் கணக்கில், அனுப்பிய டாக்டரின் கமிஷன் கணக்கில், எல்லாவற்றிலும் அந்தப் பெரியவர் 1042-ஆகத்தான் இருப்பார். இப்படி இன்னோர் அட்டவணையின் எண்ணைச் சுமந்து நிற்பதை ஃபாரின் கீ என்பார்கள். நம் இனிஷியல் மாதிரி. அப்பா பெயரை மாற்றிக்கொண்டால் பிள்ளைகள் அத்தனை பேர் இனிஷியலும் அதே நேரத்தில் மாற வேண்டும். ஒரு பிள்ளை விட்டுப்போனால் அது அநாதை. அல்லது, இங்கே நடப்பது போல, அந்த இனிஷியலில் உள்ள வேறு யாரோ ஒருவருடைய பிள்ளையாகிவிடும்.

ஒழுங்காகக் கட்டிய டேட்டாபேஸ் இதற்குத் தானே காவல் நிற்கும். பெற்றோர் எண் மாறினால் பிள்ளைகளின் எண்ணையும் மாற்றிக்கொள்ளச் சொல்லி வைக்கலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புதுச்சேரி சாஃப்ட்வேரை எழுதியவர் ஒரு ஃபாரின் கீயைக்கூட அறிவித்திருக்கவில்லை. உறவு இருந்தது, ஆனால் டேட்டாபேஸிடம் யாரும் சொல்லவில்லை. ஒரே நோயாளி எண்ணுக்கு ஓர் அட்டவணையில் ‘பி.ஐ.டி.’ என்று பெயர், இன்னொன்றில் ‘பேட்நோ’, பில்லில் ‘கஸ்ட்’. ஒவ்வொரு அட்டவணையாகத் திறந்து, இந்தப் பத்தியில், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் வரிசையில், இருக்கும் எண்கள் நோயாளிப் பட்டியலில் உள்ளவைதானா என்று கையால் சரிபார்த்தேன். அதற்கே இரண்டு வாரம்.

அட்டவணைக்கு வெளியேயும் எண் ஒளிந்திருக்கும். ஸ்கேன் செய்து வைத்த பழைய ரிப்போர்ட்டுகளின் ஃபைல் பெயரே நோயாளி எண்தான். அதையாவது ஊகிக்கலாம். குறிப்பு எழுதும் பத்தியில் ஒருநாள் இப்படி ஒரு வரி கண்ணில் பட்டது: ‘877 இவர் வீட்டுக்காரர், பில் அங்கே சேர்க்கவும்’. எந்த நிரலுக்கும் அது ஓர் அடையாள எண் என்று தெரியாது. ஒரு லட்சத்தைக் கூட்டிய பிறகு 877 என்பது கடலூரில் யாரோ. அந்த அம்மாவின் பில் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் ஏறும். குறிப்புப் பத்தியில் எண் வரும் வரிகளை எல்லாம் அச்செடுத்து, கவுன்டரில் பத்து வருஷமாக இருக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் பேனாவால் திருத்தித் தந்தார்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் பரிசோதனைப் பட்டியலைக் கோட்டைவிட்டேன். அது சின்னப் பட்டியல்; அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். கடலூரில் 17 என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை. புதுச்சேரியில் 17 என்றால் யூரியா. இரண்டு பட்டியலையும் சேர்க்க நான் போட்ட கட்டளை ‘இன்சர்ட் இக்னோர்’. மை எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸ் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பார்கள். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தால், புதிய வரியைச் சேர்க்காமல் அடுத்ததுக்குப் போய்விடும்; ஓரமாக ஓர் எச்சரிக்கை வரும், யார் பார்ப்பது? புதுச்சேரி யூரியா வாசலோடு நின்றுவிட்டது. ஆனால் யூரியா ரிசல்ட்டுகள் 17 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. அங்கே 17-க்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று பெயர்ப்பலகை.

பிரதி எடுத்து வைத்துச் செய்த ஒத்திகை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து ரிப்போர்ட் அச்செடுத்து லேப் டெக்னீஷியன் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்றைத் தனியாக எடுத்தார்.

“தம்பி, சுகர் 28-னு போட்டிருக்கே. இந்த ஆளு அன்னிக்கு நடந்து வந்தாரா, தூக்கிட்டு வந்தாங்களா?”

யூரியா 28 என்றால் சாதாரணம். சர்க்கரை 28 என்றால் ஆள் நினைவு தப்பிக் கிடப்பார். இரண்டுக்கும் அலகு ஒன்றுதான், டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். எண் பொருந்தியது, அலகு பொருந்தியது, அதனால் கம்ப்யூட்டருக்கு எதுவும் உறுத்தவில்லை. கூச்சல் போடுகிற மோதலை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். இது எத்தனை நாள் கழித்து, யாருடைய ரிப்போர்ட்டில் வெளிப்பட்டிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த மாதிரிப் பட்டியல்களுக்குக் கூட்டல் வழி சரிப்படாது. கூட்டினால் ஒரே சாஃப்ட்வேரில் யூரியா இரண்டு இருக்கும், கவுன்டரில் இருப்பவர் கைக்கு வந்ததைத் தட்டுவார். நோயாளிகளை எண்ணால் பிரிக்க வேண்டும், பரிசோதனைகளைப் பொருளால் சேர்க்க வேண்டும். அக்கா ஒரு முழுத் தாளில் இடப்பக்கம் கடலூர், வலப்பக்கம் புதுச்சேரி என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ‘பொருத்துக’ போடுவோமே, அதேதான். இந்தப் பொருத்துக வேலையை மிச்சப்படுத்தவே லோயிங்க் என்ற பொதுக் குறியீட்டுப் பட்டியல் 1994-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் தொடங்கியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் உலகம் முழுக்க ஒரே குறியீடு. இரண்டு லேபும் அதைப் பயன்படுத்தியிருந்தால் அந்தத் தாளே வேண்டியிருந்திருக்காது.

இணைத்து ஓடவிட்ட முதல் வாரத்தில் முத்தியால்பேட்டைப் பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கார்டை எடுத்து நீட்டினார். “நம்பர் 1042.” கவுன்டர் பெண் தட்டினார். திரையில் தைராய்டு அம்மா.

“ஐயா, நீங்க லேடீஸ்னு வருதே.”

“அத உன் கம்ப்யூட்டர்கிட்ட கேளும்மா. பதினஞ்சு வருஷமா எனக்கு இதான் நம்பர்.”

அவர் சொன்னது நியாயம். எண்ணை மாற்றியது நாங்கள், அவர் இல்லை. அவர் கார்டிலும், டாக்டர் சீட்டிலும், இன்ஷூரன்ஸ் பாரத்திலும் பழைய எண்தான் இருக்கிறது. அச்சில் ஏறிய எண்ணை நம்மால் திரும்பக் கூப்பிட முடியாது. எனவே பழைய எண்ணைத் தூக்கிப்போடாமல், தனியாக ஓர் அட்டவணையில் வைக்க வேண்டும். மூன்றே பத்தி: எந்த லேப், பழைய எண், புதிய எண். நம் ஊர் வீட்டு வாசலில் ‘பழைய எண் 12, புதிய எண் 25’ என்று பலகை மாட்டியிருப்பார்களே, அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. நகராட்சி கதவிலக்கத்தை மாற்றிப் பல வருஷம் ஆன பின்னும் தபால்காரருக்கு இரண்டும் வேண்டும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் புதிய சர்வே எண்ணும் சேர்ந்தே வருவதும் இதனால்தான்.

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். உண்மையில் இது இருந்தால் கூட்டல் வித்தையே தேவையில்லை. இரண்டு பக்கத்தாருக்கும் புதிதாக எண் கொடுத்துவிட்டு, இரண்டு பழைய எண்களையும் இந்த அட்டவணையில் வைத்துவிடலாம். கவுன்டரில் எண்ணைத் தட்டும்போது ‘எந்த லேப் கார்டு?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபையர் என்ற தரத்திலும் அடையாள எண் தனியாக வருவதில்லை. எண் ஒன்று, அதைக் கொடுத்தது யார் என்பது ஒன்று என ஜோடியாகவே வரும். எஸ்.டி.டி. கோடுதான், வேறொன்றுமில்லை.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ‘க-1042’, ‘பு-1042’ என்று முன்னெழுத்து போடலாம். ஆனால் அந்தப் பத்தி எண்ணை மட்டுமே ஏற்கும் என்று பழைய சாஃப்ட்வேர் அடம்பிடித்தால் முடியாது. யூ.யூ.ஐ.டி. என்று ஒன்று இருக்கிறது: 128 பிட் எண், எழுதினால் 36 எழுத்து. அதன் நான்காம் வகையில் 122 பிட்டுகள் குலுக்கல் முறையில் வருபவை. இரண்டு ஊரும் ஒன்றையொன்று கேட்காமலே கொடுத்தாலும் மோதாது என்று நம்பலாம். 2024 மே மாதம் வந்த புதிய வரையறையில் நேர வரிசைப்படி அமையும் ஏழாம் வகையும் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொள்ள அருமையானது. ஆனால் 36 எழுத்தைப் போனில் சொல்லச் சொன்னால் ஆள் வேறு லேபுக்குப் போய்விடுவார். நாளைக்கு வில்லியனூரில் மூன்றாவது கிளை திறந்து, நெட் இல்லாத நேரத்திலும் பதிவு போட வேண்டுமென்றால், ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுக்கலாம்: ஒரு கிளைக்கு 1, 4, 7, அடுத்ததுக்கு 2, 5, 8, மூன்றாவதுக்கு 3, 6, 9 என்று மை எஸ்.க்யூ.எல்.-லிலேயே அமைக்க வழி இருக்கிறது. அது வரப்போகும் மோதலைத் தடுக்கும், நடந்து முடிந்ததைத் தீர்க்காது.

சோதனை இலக்கம் உள்ள எண்களில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டு வருவதாக இருந்தால், எண்ணை மாற்றியதும் அதையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். 2007 ஜனவரி 1 முதல் பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்றானபோது, முன்னால் 978 சேர்ந்ததை எல்லோரும் கவனித்தார்கள். கணக்கிடும் முறை மாறியதால் கடைசி இலக்கமும் மாறும் என்பதைக் கவனிக்காத சிலர் பழைய எண்ணின் முன்னால் 978-ஐ மட்டும் ஒட்டினால் ஸ்கேனர் துப்பிவிடும். ரத்தக் குழாயில் ஒட்டும் பார்கோடுக்கும் இதே கதைதான்.

இனி விசாரணை. கடலூர் ஏழுமலையும் புதுச்சேரி ஏழுமலையும் ஒரே ஆளா?

போன் நம்பரை வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். ஒரு வீட்டுக்கே ஒரு நம்பர்தான். அப்பா, அம்மா, மாமியார், குழந்தை என ஐந்து நோயாளிகளுக்கும் மகனுடைய செல்போன். விட்டுவிட்ட நம்பர் சில மாதத்தில் வேறொருவர் கைக்கும் போய்விடும். ஆதாரைக் கேட்கலாமா என்றால், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த சட்டப்பிரிவை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. மத்திய அரசின் 14 இலக்க ஆபா சுகாதார எண் இதற்கென்றே வந்தது. அந்தத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று முதலில் வெள்ளோட்டம் விட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. இருந்தாலும் 2009-இல் ரத்தம் கொடுத்தவரின் பதிவில் அதைத் தேடி என்ன பயன்? மிஞ்சுவது பெயர், வயது, முகவரி.

வயது இருக்கிறதே, அது தனிக் கூத்து. பழைய சாஃப்ட்வேர் பிறந்த தேதியை வாங்காமல் வயதை வாங்கி வைத்திருந்தது. 60 வயதில் பதிவு செய்தவர் இன்றைக்கும் 60. முகவரியில் திருப்பாதிரிப்புலியூர் என்று முழுதாக ஒருவர், திருப்பாப்புலியூர் என்று ஒருவர், டி.பி.புலியூர் என்று ஒருவர். கடலூர் என்.டி. (புது டவுன்), ஓ.டி. (பழைய டவுன்) வேறு. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது. சில முகவரிகளில் இன்னும் பிரியவில்லை.

பெயருக்கு வருவோம். பட்டியல் இரண்டும் ஆங்கில எழுத்தில். ஒலியை வைத்துப் பெயர் தேட சவுண்டெக்ஸ் என்றொரு பழைய முறை உண்டு; ராபர்ட் ரசல் என்பவர் 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளைத் தள்ளிவிடும். மீதி எழுத்துகளை ஆறு கூட்டமாகப் பிரித்து எண் கொடுக்கும். டேட்டாபேஸில் கூடவே வருகிறதே என்று ஓட்டிப் பார்த்தேன்.

நம் பகுதியில் இது எப்படி வேலை செய்கிறது என்பது சுவாரசியமானது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலப் பதிவுகளிலிருந்து வந்த எழுத்துமுறை இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. உகரத்துக்கு ஆங்கிலத்தில் ‘யு’ போடும் இடத்தில் அவர்கள் ‘ஓ-யு’ போடுவார்கள். முருகன் கடலூரில் ஏழெழுத்து, புதுச்சேரியில் ஒன்பது. சவுண்டெக்ஸ் இரண்டுக்கும் எம்-625 என்று ஒரே விடை தருகிறது. உயிரெழுத்தை மதிக்காததால் வந்த புண்ணியம். குப்புசாமியில் இடறிவிட்டது. கடலூரில் ‘கே’-யில் தொடங்கினால் பிரெஞ்சு முறையில் ‘சி’. கே-125, சி-125. முதல் எழுத்து மாறியதால் இருவரும் அந்நியர். ஏழுமலையில் சுத்தமாகப் படுத்துவிட்டது. ழகரத்துக்கு ‘இசட்-எச்’ போட்டால் ஈ-254, ‘எல்’ போட்டால் ஈ-454, முன்னால் ‘ஒய்’ சேர்த்தால் ஒய்-454. ஒரே மனிதர், மூன்று கோடு. இந்த மாவட்டத்தில் தெருவுக்கு ஓர் ஏழுமலை இருப்பார் என்பது ரசலுக்குத் தெரிய நியாயமில்லை. கடைசியில் நானே ஒரு விதி எழுதினேன்: ‘இசட்-எச்’-ஐ ‘எல்’ ஆக்கு, ‘ஓ-யு’-ஐ ‘யு’ ஆக்கு, தொடக்கத்து ‘சி’-க்குப் பின் ‘எச்’ இல்லாவிட்டால் ‘கே’ ஆக்கு. குப்புசாமியில் சரியாக வந்தது, சின்னசாமியில் மறுபடி இடறியது. அந்தத் தொல்லை தனி.

பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. எந்தப் பெயர் ஒத்துப்போகிறது என்பதற்கு எடை போட வேண்டும். 1969-இல் இவான் ஃபெலகி, ஆலன் சன்டர் என்ற இருவர் கனடாவின் புள்ளியியல் துறையில் இருந்தபடி இதற்கு ஒரு கணக்கு எழுதினார்கள். சாரம் இதுதான்: அரிதான ஒன்று ஒத்துப்போனால் மதிப்பெண் அதிகம், சாதாரணமான ஒன்று ஒத்துப்போனால் குறைவு, ஒத்துப்போகவே வேண்டிய ஒன்று ஒத்துப்போகாவிட்டால் கழிவு. மதிப்பெண்ணைக் கூட்டினால் மூன்று கூட்டம் கிடைக்கும்: ஒரே ஆள்தான், இல்லவே இல்லை, மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. முருகனும் முருகனும் ஒத்துப்போனால் இங்கே அரை மார்க்குக்கு மேல் தர முடியாது.

மூன்றாவது கூட்டத்தை நான் பார்த்தேன். அதில்தான் இரண்டு மு. ஏழுமலை. இனிஷியல் ஒன்று, பெயர் ஒன்று, தெரு ஒன்று, போன் ஒன்று, ஆண். கடலூர்ப் பதிவில் வயது 71. புதுச்சேரிப் பதிவில் வயது காலி. இதைவிட என்ன வேண்டும் என்று ‘ஒரே ஆள்’ போட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு வரியையும் அழிக்கவில்லை. இதில் மட்டும் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தேன். ஒரே ஆள் என்று முடிவானால் இரண்டு பதிவும் இருக்கும். ஒன்றில் ‘இனி அந்த எண்ணைப் பார்’ என்று ஒரு சுட்டு, யார் எப்போது சேர்த்தார் என்ற குறிப்பு. ரிப்போர்ட் எடுக்கும்போது சுட்டைப் பின்பற்றி இரண்டு பக்கத்து ரிசல்ட்டையும் காட்டும். ரிசல்ட்டுகள் இடம் பெயர்வதில்லை. இடமும் கொஞ்சம் கூடுதல், ரிப்போர்ட் எழுதும் நிரலும் கொஞ்சம் சிக்கல். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “ஒண்ணுன்னா ஒண்ணா இருக்கணும், எதுக்கு ரெண்டு?” என்றார்.

ஆறு மாதம் கழித்து ஓர் இளைஞர் கல்யாணத்துக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்காகப் புதுச்சேரி லேபுக்கு வந்தார். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பழைய ரிசல்ட்டுகள் வரிசையாக வரும். அதில் கிரியாட்டினின் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிருந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. அக்கா அவரை உட்காரவைத்துப் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டார்.

“எங்க தாத்தா பேருதான் எனக்கும்க்கா. அவருக்குத்தான் கிட்னி பிரச்சினை.”

தாத்தாவின் அப்பா முருகன். இவர் அப்பாவும் முருகன். பெயரன்தானே பேரன், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை, பெயரும் இனிஷியலும் ஜோடியாகத் திரும்பி வரும். கனடாவில் எழுதிய கணக்குக்கு அது தெரியாவிட்டால் போகிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பெயரே என் தாத்தா பெயர்.

சுட்டை எடுத்துவிட ஒரு நிமிஷம் ஆனது. மறுபடி அச்செடுத்துக் கொடுத்தார்கள். பின்பக்கம் காலியாக இருந்தது.